பொனுஸ் முதல் த்வெனொஸ் வரை: மூல இத்தாலிக் பெயரடை ஒன்றை மீட்டெடுத்து வேற்றுமை ஏற்றும் முழுமையான வழிகாட்டி

தீபாவளி நெருங்கினால் ஆலை வாசல்களில் அதிகம் கேட்கும் சொல் போனஸ். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த அந்தச் சொல், லத்தீனில் ‘நல்ல’ என்று பொருள் தரும் சாதாரணப் பெயரடை. அங்கே அதை பொனுஸ் என்று குறிலாகவே சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு காலத்தில் பின்னோக்கி நடந்தால், தொடக்கத்தில் ப என்ற எழுத்தே இல்லாத ஒரு வடிவத்தின் முன் போய் நிற்போம்: *த்வெனொஸ்.

முன்னால் இருக்கும் உடுக்குறிக்கு (*) ஒரே பொருள்தான்: இந்த வடிவத்தை, லத்தீனுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் தாயான மூல இத்தாலிக் மொழியில் யாரும் எழுதி வைக்கவில்லை, மகள் மொழிகளை ஒப்பிட்டு நாம் மீட்டெடுத்தோம். இதைக் கேட்டதும், ‘அப்படியானால் ஊகம்தானே’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரும் அநீதி. மீட்டுருவாக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். கல்லோ, வெண்கலமோ, மண்கலமோ வந்து நின்று ‘ஆம், இந்த ஒலி இருந்தது’ என்று சொல்ல வேண்டும். எந்த எழுத்துக்குச் சாட்சி வலுவானது, எதற்கு மெலிந்தது என்று பிரித்தறிவதே இந்தக் கலையின் பாதி. இந்த ஒரு சொல்லை வைத்து அதைப் படிப்படியாகச் செய்துபார்ப்போம்.

தொடங்குமுன்: ஒலிப்பு பற்றி

தமிழ் எழுத்து இந்த வேலைக்கு ஒரு வகையில் மிகப் பொருத்தமானது. எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறில் நெடில் பிரித்து எழுத நமக்கு வழி இருக்கிறது. இத்தாலிக் மொழிகளில் விகுதிகளின் உயிரே அந்த வேறுபாட்டில் இருப்பதால், குறில் நெடிலை ஒரு முறை தவறவிட்டாலும் ஒருமை பன்மையாகிவிடும். குறை ஒன்று உண்டு: வல்லினத்தின் இரு ஒலிகளை நம் எழுத்து பிரிப்பதில்லை. *த்வெனொஸ் என்பதன் முதல் த், ‘பந்து’ என்று சொல்லும்போது வரும் த். பொனுஸ் என்பதன் ப, ‘தம்பி’ என்று சொல்லும்போது வரும் ப. சொல்லின் இறுதியில் த் வந்தால் அதுவும் ‘பந்து’வின் ஒலிதான்.

படி 1: குடும்பத்தை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் மேலே ‘மூல இத்தாலிக்’ என்று எழுதி இரண்டு கிளைகள் இறக்குங்கள். ஒன்றில் லத்தீனும், ரோமுக்கு வடக்கே ஃபலேரி நகரத்தில் பேசப்பட்ட ஃபலிஸ்கனும். மற்றொன்றில் தென் இத்தாலியின் ஒஸ்கனும், நடு இத்தாலியின் உம்ப்ரியனும், அவற்றின் சிறு உறவுகளும். பொதுவிதி எளியது: இரு கிளைகளிலும் சாட்சி இருந்தால் அந்தக் கூறு மூல இத்தாலிக்குக்கு உரியது என்று துணிந்து சொல்லலாம். ஒரே கிளையில் மட்டும் இருந்தால், குடும்பத்துக்கு வெளியே சமஸ்கிருதம், கிரேக்கம் போன்ற மொழிகளிலிருந்து துணை தேட வேண்டும். இந்த விதியைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். நம் சொல்லின் பலவீனம் வெளிப்படும் இடம் அதுவே.

படி 2: மிகப் பழைய சாட்சியைக் கண்ணால் பாருங்கள்

1880-ல் ரோமின் குயிரினால் குன்றில் ஹைன்ரிக் டிரெசெல் ஒரு மண்கலத்தைக் கண்டெடுத்தார். மூன்று சிறு குடுவைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த கலம் அது. இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் பெரும்பாலும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று வைக்கிறார்கள். மூன்று குடுவைகளையும் சுற்றி, வலமிருந்து இடமாக, சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுத்துகளைக் கீறியிருக்கிறார்கள். மூன்று வரிகளில் நடுவரி இன்றும் அறிஞர்களைத் திணறடிக்கிறது. மூன்றாம் வரியோ கிட்டத்தட்ட முழுவதும் பிடிபடுகிறது. சொல் பிரித்து எழுதினால் இப்படி வரும்:

த்வெனொஸ் மேத் ஃபேக்கெத் என் மானொம் எய்னொம் த்வெனோய் நே மேத் மலொஸ் தாதோத்

‘நல்லவன் என்னைச் செய்தான், நல்லவனுக்காக, கெட்டவன் என்னைத் திருடாதிருக்கட்டும்’ என்பது பலர் ஏற்கும் பொருள். பேசுவது கலம். த்வெனொஸ் என்பதைக் குயவனின் பெயர் என்று கொள்வாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அதே வரியில் மலொஸ், அதாவது ‘கெட்டவன்’, எதிர்முனையில் நிற்கிறது. நல்லவனையும் கெட்டவனையும் எதிரெதிரே நிறுத்திச் சொல்விளையாட்டு ஆடும் கைதான் இதைக் கீறியது என்றே நினைக்கிறேன். பெயராகவே இருந்தாலும், ‘நல்லவன்’ என்ற பொருளில் வைத்த பெயராகத்தான் இருக்க முடியும்.

நமக்குத் தேவையானது இந்த ஒரே வரியில் இரட்டையாகக் கிடைத்துவிடுகிறது: எழுவாயாக த்வெனொஸ், நான்காம் வேற்றுமையில் த்வெனோய்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கலத்திலேயே த்வெனொஸ் இருக்கும்போது உடுக்குறி எதற்கு? கலத்தில் இருப்பது பழைய லத்தீன். உடுக்குறியோடு எழுதுவது அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தாய்மொழி வடிவம். மகளின் முகம் தாயின் முகத்தை அப்படியே உரித்துவைத்திருப்பது அரிது. இந்தச் சொல்லில் அந்த அரிய பேறு வாய்த்திருக்கிறது.

ஃபலிஸ்கனில் மிகப் பழைய பொறிப்புகளுள் ஒன்றில், ‘நான் இன்னாருடைய கலம்’ என்று தொடங்கும் வாசகத்துக்குள், த்வெனொம் த்வெனாஸ் என்று இரண்டு வடிவங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தொடரின் பொருளை ஆளுக்கொரு விதமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் த்வென் என்ற அடி லத்தீனுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு அது போதும்.

படி 3: த்வெனொஸ் எப்படி பொனுஸ் ஆனது? மாற்றங்களை வரிசைப்படுத்துங்கள்

கலத்தின் வடிவத்துக்கும் பள்ளிப் புத்தக லத்தீனுக்கும் இடையே மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன: வெ என்பது வொ ஆயிற்று, த்வ் என்பது ப ஆயிற்று, -ஒஸ் என்பது -உஸ் ஆயிற்று. எது முதலில் நடந்தது? இதற்கு விடை சொல்ல ஒரு கல்லறை காத்திருக்கிறது.

கி.மு. 259-ல் ரோமில் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்த லூசியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிபியோவின் கல்வெட்டு, கார்சிகாவையும் அலேரியா நகரத்தையும் அவர் பிடித்ததைச் சொல்கிறது. ‘நல்லவர்களுள் தலைசிறந்தவர் இவர் ஒருவரே என்று ரோமில் மிகப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்’ என்று அவரைப் புகழும் இடத்தில் ‘நல்லவர்களுள்’ என்பதற்கு வந்திருக்கும் சொல் துவொனோரொ. எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: தொடக்கத்தில் த்வ் அப்படியே இருக்கிறது, ஆனால் உயிர் எ அல்ல, ஒ. ஆக, உயிர் மாறியது முதலில். த்வ் ப-வாக மாறியது பிறகு. அதே கல்வெட்டில் ‘மகன்’ என்பதற்கு ஃபீலியொஸ் என்று இருக்கிறது, பிற்கால ஃபீலியுஸ் அல்ல. -உஸ் என்ற ஈறும் அப்போது எழுத்துக்கு வரவில்லை என்பது தெரிகிறது. ஒரு கல்லிலிருந்து இத்தனை செய்தியைக் கறக்க முடிவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

உயிர் மாற்றத்துக்குத் துணைச் சாட்சிகள்: ஆயுர்வேதத்தில் வமனம் என்கிறோமே, அதன் உறவான லத்தீன் சொல் வொமோ, ‘வாந்தி எடுக்கிறேன்’. கிரேக்கத்தில் அது எமெஓ. எகரம் அங்கே பத்திரமாக இருக்கிறது. லத்தீனில் வ-வை அடுத்த எகரம், தகுந்த சூழலில், ஒகரமாகிவிட்டது.

த்வ் ப-வாக மாறியதற்குச் சாட்சி ரோமானியப் பேச்சாளர் சிசரோ. ‘போர்’ என்பதற்கான ‘துவெல்லும்’ என்ற சொல் ‘பெல்லும்’ என்று ஆனதையும், ‘இருமுறை’ என்பதற்கான ‘துவிஸ்’ ‘பிஸ்’ என்று ஆனதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். கார்த்தேஜின் கடற்படையை வென்ற துவெல்லியுஸின் பெயரையே மக்கள் பெல்லியுஸ் என்று மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்கிறார். அந்தக் கடற்போர் நடந்தது கி.மு. 260-ல், ஸ்கிபியோவின் காலமும் அதுவே. கி.மு. 186-ல் மதுக் கடவுள் பாக்கஸின் வழிபாட்டை ஒடுக்க ரோமானிய செனட் பிறப்பித்த ஆணையின் வெண்கலத் தகட்டில், பெல்லோனா என்ற போர்த் தேவதையின் பெயர் இன்னும் துவெலோனா என்றே எழுதப்பட்டிருக்கிறது. அரசு ஆவணம் பேச்சுக்குப் பின்தங்கி நடப்பது எல்லா நாட்டிலும் உண்டு.

இனி ஒரு சோதனை. ‘நன்றாக’ என்ற வினையடை லத்தீனில் பெனெ. பொனெ அல்ல. ஏன்? அதன் மூல வடிவம் *த்வெனேத். அடுத்த அசையில் ஏ என்ற முன்னுயிர் (நாக்கின் முன்பகுதி எழும்பப் பிறக்கும் உயிர்) இருப்பதால் எ-வை ஒ-வாக்கும் மாற்றம் தடைபட்டுவிட்டது. விதியை மீறியதுபோல் தோன்றும் சொல்லே விதிக்கு அரண் ஆகிறது. ‘அழகிய’ என்று பொருள்படும் பெல்லுஸ் என்பதும் இதே அடியின் குறுமை வடிவம், அதாவது சிறிதாக்கிச் செல்லமாகச் சொல்லும் வடிவம்: *த்வெனெலொஸ், பிறகு *த்வென்லொஸ், பிறகு பெல்லுஸ். இத்தாலிய மொழியின் பெல்லாவும் நம் போனஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஒரு பொறியைப் பற்றி இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் ‘நல்ல’ என்பது புவெனோ. அந்த ‘வெ’வைப் பார்த்ததும் த்வெனொஸின் பழைய எகரம் அங்கே உயிரோடு இருக்கிறது என்று மனம் துள்ளும். தவறு. அழுத்தம் பெற்ற குற்றுயிர் ஒ-வை ஸ்பானியம் பின்னாளில் ‘உவெ’ என்று உடைத்தது. லத்தீன் பொர்த்தா அங்கே புவெர்த்தா ஆனதும் அதே வழிதான். இரண்டுக்கும் இடையே தொடர்பே இல்லை. ஒற்றுமையைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 4: வேரைத் தேடுங்கள், ஆனால் குரலைத் தாழ்த்துங்கள்

மூல இத்தாலிக்குக்கும் சமஸ்கிருதம், கிரேக்கம் போன்றவற்றுக்கும் பொதுத் தாயான மூல இந்தோ-ஐரோப்பியத்துக்குப் போனால், *தெவ் என்ற வேரோடு -எனொ- என்ற ஒட்டு சேர்ந்து உருவானது என்பது பலர் கொள்ளும் விளக்கம். ‘மதித்தல், அருள் காட்டுதல்’ என்பது வேரின் பொருள். ரிக் வேதத்தில் ‘வழிபாடு, காணிக்கை’ என்ற பொருளில் வரும் துவஸ் என்ற சொல்லை இதன் உறவாகக் காட்டுகிறார்கள். லத்தீனுக்குள் ‘மகிழ்விக்கிறேன்’ என்ற பெஓ என்ற வினையும், அதன் வழிவந்த பெஆதுஸ், ‘பேறு பெற்றவன்’, என்பதும் இதே அடியோடு சேர்கின்றன.

இதன் வலிமை படி 3-இன் வலிமை அல்ல. அங்கே நாம் எழுத்துகளைக் கல்லில் தொட்டோம். இங்கே பொருளொற்றுமையை நம்பி நிற்கிறோம். முன்பு சொன்ன விதியையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். த்வெனொஸுக்கான சாட்சிகள் லத்தீனும் ஃபலிஸ்கனும், அதாவது ஒரே கிளை. மறுகிளையைச் சேர்ந்த சபைன் மக்கள் ‘நல்ல’ என்பதற்கு கிப்ரும் என்று சொன்னதாக ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதியிருக்கிறார். அது வேறு சொல், ‘விரும்புகிறேன்’ என்ற குபியோவின் உறவு. பழைய ரோமர்கள் ‘நல்ல’ என்பதற்கு மானும் என்றும் சொன்னார்கள் என்கிறார் வர்ரோ. நம் கலத்தில் வந்த மானொம் அதுவாகவே இருக்கலாம். ஆகவே மூல இத்தாலிக்கில் ‘நல்ல’ என்பதற்கு இது ஒன்றுதான் சொல் என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் இதன் உருவாக்கம் பழையது. லத்தீனுக்குள் புதிதாகச் செய்துகொள்ளும் வகையைச் சேர்ந்ததல்ல. மூல இத்தாலிக் என்று குறியிட அதுவே நியாயம்.

படி 5: ஆண்பாலில் வேற்றுமை ஏற்றுங்கள்

தமிழில் ‘நல்ல’ எதற்கும் அசையாது. நல்ல மகன், நல்ல மகளுக்கு, நல்ல ஊர்களில்: முன்னால் நிற்கும் சொல் அப்படியே இருக்கும். நல்லன், நல்லள், நல்லார், நல்லது என்று குறிப்பு வினையாகும்போதுதான் அது பால் காட்டும். இத்தாலிக் பெயரடை எப்போதும் நல்லன், நல்லள் போலப் பால் காட்டி, அதற்கு மேல் வேற்றுமையும் ஏற்கும். நம் எட்டு வேற்றுமைகளை வைத்தே எண்ணலாம். மூன்றாவது மட்டும் தனியாக இல்லை. ‘ஆல்’ உருபின் வேலையை ஐந்தாம் வேற்றுமையே பார்த்துக்கொண்டது.

ஒருமை:

எழுவாய்: *த்வெனொஸ்
இரண்டாம்: *த்வெனொம்
நான்காம்: *த்வெனோய்
ஐந்தாம்: *த்வெனோத்
ஆறாம்: *த்வெனொஸ்யொ அல்லது *த்வெனீ
ஏழாம்: *த்வெனெய்
விளி: *த்வெனெ

முதல் மூன்றில் சிக்கல் இல்லை. நான்காம் வேற்றுமையின் -ஓய் நம் கலத்திலேயே இருக்கிறது. பிரெனெஸ்தே நகரத்துத் தங்க ஆடை ஊசியில் ‘நுமாசியுஸுக்காக’ என்று பொருள்படும் நுமசிஓய் என்பதும் துணை நிற்கிறது. அந்த ஊசியே போலி என்று 1980-களில் பெரும் விவாதம் நடந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வக முடிவுகள் அது உண்மையானது என்று காட்டின. ஐந்தாம் வேற்றுமைக்கு மீண்டும் கி.மு. 186-இன் வெண்கலத் தகடு: ‘பொதுவிடத்திலும் தனியிடத்திலும்’ என்ற தொடரில் பொப்லிகோத், ப்ரெய்வாதோத். இரண்டுமே பெயரடைகள், இரண்டிலும் இறுதி த் இருக்கிறது. பின்னாளில் லத்தீன் அதை உதிர்த்துவிட்டது.

ஏழாம் வேற்றுமைக்கு மறுகிளையிலிருந்து அருமையான சாட்சி: நோலா, அபெல்லா என்ற இரு ஊர்களும் ஹெர்குலிஸ் கோயிலைப் பங்கிட்டுக்கொண்ட ஒஸ்கன் ஒப்பந்தக் கல். அதில் ‘பொது நிலத்தில்’ என்பதற்கு மொய்னிகெய் தெரெய் என்று வருகிறது. மொய்னிகெய் என்பது ‘பொது’ என்ற பெயரடை. அதன் -எய் நமக்கு வேண்டிய உருபு.

ஆறாம் வேற்றுமையில் சற்று நின்று யோசிக்க வேண்டும். லத்தீனின் பொனீ என்ற -ஈ மட்டுமே தெரிந்திருந்த காலத்தில் எல்லாம் எளிதாக இருந்தது. ஃபலிஸ்கனில் -ஒஸியொ என்ற ஈறு கிடைத்தது. 1977-ல் ரோமுக்குத் தெற்கே சாத்ரிகும் என்ற இடத்தில், கி.மு. 500-ஐ ஒட்டிய ஒரு கல்லில் பொப்லிஒஸிஒ வலெஸிஒஸிஒ, அதாவது ‘புப்லியுஸ் வலேரியுஸினுடைய’, என்ற வாசகம் வெளிப்பட்டது. இந்த ஈறு சமஸ்கிருதத்தின் தேவஸ்ய என்பதிலுள்ள -ஸ்ய உருபேதான். அவ்வளவு பழையதைத் தாய்மொழிக்கு மறுக்க முடியாது. -ஈ-யோ கெல்டிக் மொழிகளிலும் தென்படுவதால் அதையும் தள்ள முடியவில்லை. இரண்டையும் எழுதுவதே நேர்மை.

பன்மை: எழுவாய் *த்வெனோஸ், இரண்டாம் *த்வெனொன்ஸ், ஆறாம் *த்வெனோம், நான்கு, ஐந்து, ஏழு மூன்றுக்கும் *த்வெனொய்ஸ். எழுவாயில் லத்தீனை நம்பி ஏமாறாதீர்கள். லத்தீனின் பொனீ, சுட்டுப்பெயர்களிலிருந்து கடன் வாங்கிய -ஒய் என்ற ஈற்றின் தேய்வு. பழைய -ஓஸ் ஒஸ்கனில் தப்பியிருக்கிறது: அதே ஒப்பந்தக் கல்லில் நோலா ஊரார் நொவ்லானோஸ் என்று எழுதப்படுகிறார்கள்; ‘நோலா ஊராருக்கு’ என்றால் நொவ்லானொய்ஸ்.

ஆறாம் பன்மையில் இன்னொரு கண்ணி. நாம் கொண்டாடிய ஸ்கிபியோ கல்வெட்டின் துவொனோரொ, அடியில் பழமையைக் காட்டினாலும் ஈற்றில் புதுமைதான். அந்த -ஓரொ, பெண்பால் ஈற்றைப் பார்த்து லத்தீன் செய்துகொண்டது. பழைய -ஓம், ‘தேவர்களுடைய’ என்ற தெஉம் போன்ற உறைந்த வடிவங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒரு பாதி சாட்சி சொல்லும், மறு பாதி குழப்பும். ஒவ்வொரு சொல்லையும் அடியாகவும் ஈறாகவும் வெட்டித் தனித்தனியே விசாரிக்கச் சொல்வது இதனால்தான்.

படி 6: பெண்பாலும் அஃறிணையும்

அஃறிணையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒன்றே: *த்வெனொம், பன்மையில் *த்வெனா. மற்றவை ஆண்பால் போலவே.

பெண்பாலின் அடி ஆகாரத்தில் முடியும்: எழுவாய் *த்வெனா, விளி *த்வென, இரண்டாம் *த்வெனாம், நான்காமும் ஏழாமும் *த்வெனாய், ஐந்தாம் *த்வெனாத், ஆறாம் *த்வெனாஸ். லத்தீனின் பொன குறிலில் முடிகிறதே என்று கேட்கலாம். ஒஸ்கனில் ‘வழி’ என்ற பெண்பால் சொல் விஒ என்று ஒகர ஈறாக வருகிறது. நெட்டுயிர் ஆ திரிந்துதான் அப்படியாகும். எனவே நெடில்தான் பழையது. ஆறாம் வேற்றுமையின் -ஆஸ், ‘குடும்பத் தலைவன்’ என்ற பதெர் ஃபமிலிஆஸ் என்ற சட்டச் சொற்றொடரில் கடைசி வரை உயிரோடிருந்தது. ஐந்தாம் வேற்றுமையின் -ஆத், ஒஸ்கன் ஒப்பந்தத்தின் ‘பொது முடிவின்படி’ என்ற தொடரில் மொய்னிகாத் என்று பெயரடையிலேயே கிடைக்கிறது.

பன்மையில் எழுவாய் *த்வெனாஸ், இரண்டாம் *த்வெனன்ஸ், நான்காம் முதலியவை *த்வெனைஸ். ஆறாம் பன்மை *த்வெனாஸோம் என்பதில் நடுவிலுள்ள ஸ், வண்டின் ரீங்காரம்போல் அதிர்ந்து ஒலிக்கும் ஸ். லத்தீன் அந்த ஒலியை ர ஆக்கிவிட்டதால் பொனாரும். ஒஸ்கன் அதை அப்படியே வைத்துக்கொண்டது: பாந்தியா ஊரின் வெண்கலத் தகட்டில் ‘காரியங்களுடைய’ என்பது எக்மஸும்.

படி 7: இல்லாததை உண்டாக்காதீர்கள்

அட்டவணை நிரம்பியதும் ‘மேலும் நல்ல’, ‘மிக நல்ல’ என்பவற்றையும் இதே அடியிலிருந்து செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். லத்தீனில் அவை மெலிஒர், ஒப்திமுஸ்; இரண்டும் வேறு வேர்கள். ஸ்கிபியோவின் கல்வெட்டிலேயே துவொனோரொவுக்குப் பக்கத்தில் ஒப்துமொ நிற்கிறது. த்வெனொஸுக்குச் சொந்த ஒப்பீட்டு வடிவம் இருந்ததற்குச் சாட்சி இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வினையடை *த்வெனேத் மட்டும் நிற்கும். பெனெ அதன் எகரத்தைக் காக்கிறது. இறுதி -ஏத் ஈற்றை, ‘மிக எளிதாக’ என்ற ஃபகிலுமேத் அந்த கி.மு. 186-இன் தகட்டில் காட்டிவிடுகிறது.

இதே முறையை அடுத்து *நொவொஸ், ‘புதிய’, என்பதில் செய்துபாருங்கள். ஈறுகள் எல்லாம் மேலே கண்டவையே, அடியில்தான் வேலை. கிரேக்கத்தின் நெஒஸ் எகரத்தைக் காட்டுகிறது, லத்தீனின் நொவுஸ் ஒகரத்தை. ஒஸ்கனில் நோலா நகரத்தின் பெயர் நொவ்லா. ‘புது ஊர்’ என்றே அதை விளக்குவார்கள். இரு கிளைகளிலும் ஒகரம் இருப்பதால், இந்தச் சொல்லில் எகரம் ஒகரமானது மூல இத்தாலிக் காலத்திலேயே நடந்துவிட்டது. த்வெனொஸிலோ கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலும் குயிரினால் கலத்தில் எகரம் அப்படியே இருந்தது. மேலோட்டமாக ஒன்றுபோல் தெரியும் அந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே விதியாக எழுதிவிடாமல், தாளில் இரண்டு தனிக் கோடுகளாகப் போடுங்கள்.